பகைவனுக்கு இறுதி மரியாதை

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று எனத் திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. இறந்தவர் நம்மவராயின் அதில் கடினம் ஏதுமில்லை. நம்மைக் கொல்ல வந்தவராயின்? அவருக்கு மரியாதை செய்வது அறமா? அல்லது அவரால் மடிந்த நம்மவருக்கு இழைக்கும் துரோகமா? 1942-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது.

அவ்வாண்டு மே 31-ஆம் நாள் இரவு, இருவர் மட்டுமே செல்லக்கூடிய மூன்று ஜப்பானியக் குறுநீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்திற்குள் நுழைய முற்பட்டன. ஒன்று தடுப்பு வலையில் சிக்கிக்கொள்ள, அதிலிருந்தவர்கள் தம் கலத்தைத் தாமே தகர்த்து மாண்டனர். மற்றொன்று ஆழ்குண்டுகளால் சேதமுற்றது. அதிலிருந்த இருவரும் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டனர். மூன்றாவது கலம் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றைக் குறிவைத்து ஏவிய டார்பிடோ குறி தப்பி, மாலுமிகளின் தங்குமிடமாக இருந்த ‘குட்டபுல்’ கப்பலின் அடியில் வெடித்தது. 21 மாலுமிகள் உயிரிழந்தனர். அந்த மூன்றாவது கலமோ காணாமற் போயிற்று.

முதலிரு கலங்களிலிருந்து நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. துறைமுகக் கடற்படைப் பொறுப்பாளர் ரியர் அட்மிரல் மூர்ஹெட்-கோல்ட், அவற்றிற்கு முழுக் கடற்படை மரியாதை அளிக்க முடிவு செய்தார். ஜூன் 9 அன்று, ஜப்பானியக் கொடி போர்த்திய சவப்பெட்டிகளுக்குத் துப்பாக்கி வேட்டுகள் முழங்க மரியாதை செய்யப்பட்டு, உடல்கள் எரியூட்டப்பட்டன. அஸ்தியும் நாடு திரும்பிய ஜப்பானியத் தூதருடன் அனுப்பிவைக்கப்பட்டது.

கண்டனம் எழுந்தது. அதில் வியப்பில்லை. சிங்கப்பூர் வீழ்ந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியர் ஜப்பானியரிடம் கைதிகளாயிருந்தனர். அந்தச் சினத்தை இதயமற்றது என்று தள்ளிவிடல் தகாது. அதுவும் அன்பின் காயத்திலிருந்தே பிறந்தது.

அம்மரியாதைக்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. ஒன்று, மாண்டவர்களின் வீரம். ஆயினும் வீரம் மட்டும் போதுமான காரணமாகாது. நீதியை விட்டுப் பிரிந்த துணிவு தீமைக்கே கருவியாகும் எனப் புனித அம்புரோசியார் அன்றே எச்சரித்தார். மற்றொன்று, இதைக் கண்டு ஜப்பானியர் தம்மிடமுள்ள கைதிகளை நன்கு நடத்தக்கூடும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்தது. சிறைப்பட்ட ஏறக்குறைய 22,000 ஆஸ்திரேலியரில் சுமார் 8,000 பேர் வீடு திரும்பவேயில்லை.

அப்படியாயின் அந்த மரியாதை வீணாயிற்றா? அதை ஒரு வாணிபமாக எண்ணினால், நட்டமே. ஆனால் இரக்கம் வாணிபமன்று. கைம்மாறு வருமென்று செய்வது கடன் கொடுப்பதாகும்; வராதென்று அறிந்தும் செய்வதே இரக்கம். உயிர் பிரிந்தபின் பகைவன் என்ற பெயர் உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது ஒரு தாயின் மகன். இறைவனின் தீர்ப்புக்கு முன் நிற்கும் ஒரு மனிதன். அவன் உடலை இழிவுபடுத்தும் வெறுப்பு அவனைத் தீண்டுவதில்லை. நம் கைகளிலேயே ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இறந்தவனை மதிப்பது அவன் ஏந்திய போரை மதிப்பதாகாது. ‘குட்டபுல்’ கப்பலில் மாண்ட 21 பேரை மறந்துவிட்டுப் பகைவனுக்கு அஞ்சலி செலுத்தினால் அது இரக்கமன்று, உண்மையை மறைப்பதாகும். உண்மையை முழுமையாகச் சொல்லிய பின்னரும் தலைவணங்க முடிகிறதா என்பதே நமக்குள்ள சோதனை.

காணாமற்போன மூன்றாவது கலத்தை 2006-ஆம் ஆண்டு நவம்பரில் முக்குளிப்போர் சிலர் சிட்னிக்கு வடக்கே கடலடியில் கண்டனர். இருவரின் எச்சங்கள் அதனுள் இருக்கலாம் என்பதால், அது எடுக்கப்படாமல் அங்கேயே பாதுகாக்கப்படுகிறது. இன்று அக்கலமே அவர்களின் நினைவிடம்.

அதற்கு வெகு முன்பே, 1968-இல், தம்மைச் சுட்டுக்கொண்டவர்களுள் ஒருவரின் முதிய தாய் ஜப்பானிலிருந்து சிட்னிக்கு வந்தார். மகன் மாண்ட நீரில் தம் நாட்டு வழக்கப்படி மதுவை வார்த்து அஞ்சலி செலுத்தினார். 26 ஆண்டுகளுக்கு முன் அந்நகரம் அவருடைய மகனைக் குப்பையென எறிந்திருந்தால், அந்தத் தாய் எந்த முகத்தோடு அங்கே வந்திருக்க முடியும்? அந்நகரம்தான் எந்த முகத்தோடு அவரை வரவேற்றிருக்க முடியும்?