அரசுக்கு எத்தனை காதுகள்?

ஒரு குடிமகன் தன்னைப் பற்றிய அந்தரங்கச் செய்தி ஒன்றை ஓர் அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கும்போது, அதை அந்த அலுவலகத்துக்கு மட்டும் சொல்கிறாரா, அல்லது அரசு என்னும் ஒரே ஆளின் காதில் போட்டுவிடுகிறாரா என்பது, சட்டத்தைவிட மெய்யியலுக்கே நெருக்கமான கேள்வி. அது மிகக் கூர்மையாக எழுந்த நாடு ஜெர்மனி. எழுந்த இடமோ சமய நம்பிக்கை.

அந்நாட்டில் கத்தோலிக்க, புரோட்டஸ்டண்டு திருச்சபைகளின் உறுப்பினர்கள் தம் வருமான வரித்தொகையில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாகக் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதாலும், அதைப் பெரும்பாலும் அரசின் வரி அலுவலகங்களே வசூலித்துக் கொடுப்பதாலும், ஒருவர் எந்தச் சபையினர் என்ற செய்தி குடியிருப்புப் பதிவேட்டிலிருந்து வரித்துறைக்கும், அங்கிருந்து சம்பளம் தரும் நிறுவனத்துக்கும் சட்டப்படியே செல்கிறது. இத்தனைக்கும், சமய நம்பிக்கையை வெளியிட எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு விதித்திருந்தது. 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டமும் அவ்விதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் உரிமையோ கடமையோ அதைச் சார்ந்திருக்குமானால், எந்தச் சபையின் உறுப்பினர் என்று மட்டும் அதிகாரிகள் கேட்கலாம் என்ற விலக்கும் அவ்விதியிலேயே இருக்கிறது. நம்பிக்கை வேறு, உறுப்பினர் என்ற பதிவு வேறு எனப் பிரிக்கும் இந்த நுட்பம் ஏட்டில் தெளிவாகவும் வாழ்வில் மங்கலாகவும் தெரிகிறது.

இந்த நுட்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1939 மே மாதம் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பாட்டன் பாட்டியரில் யூதர் யார் என்று கேட்ட துணை அட்டை ஒன்றைத் தனி உறையில் இட்டு ஒட்டித் தரும்படி மக்களிடம் சொல்லப்பட்டது. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் பார்த்துவிடக் கூடாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அண்டைவீட்டாரிடமிருந்து மறைத்த அந்த உறை அரசிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. அந்த அட்டைகள் பின்னர் வம்சாவளி ஆராயும் அரசு அலுவலகத்தின் கைக்குப் போயின.

இந்த நினைவு மங்காத ஒரு சமூகத்தில்தான் 1983 டிசம்பர் 15 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தன் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்களை உள்ளாட்சிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள அனுமதித்த பிரிவை அது செல்லாது என்றது. ஆளின் பெயரே தேவைப்படாத புள்ளிவிவரத்தையும், ஆளைத் தெரிந்தே ஆகவேண்டிய நிர்வாகத்தையும் ஒரே படிவத்தில் கலந்தால், தான் சொன்னது எங்கே போய்ச் சேரும் என்பது சொன்னவருக்கே தெரியாமல் போகும் என்பது அதன் வாதம். தன்னைப் பற்றிய செய்தி எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் தகவல்சார் தன்னுரிமை என்ற கருத்தையும், பெற்ற நோக்கத்தைத் தாண்டித் தகவல் போகக் கூடாது என்ற நோக்கக் கட்டுப்பாட்டையும் அத்தீர்ப்பு மனித மாண்பின் மீது நிறுத்தியது. துறைக்குத் துறை வெவ்வேறு முகம் காட்டி வாழும் ஒருவரை, எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வைத்து ஒரே உருவமாக்கிவிட்டால், அவர் பேசும் ஆளாக இல்லாமல் பேசப்படும் பொருளாகிவிடுகிறார். எனவே துறைகள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதை நிர்வாகக் குறைபாடு என்று சொல்வது எப்போதும் சரியாகாது. பல வேளைகளில் அந்த அறியாமைதான் குடிமகனுக்குக் காப்பு.

ஆயினும் மௌனமும் சில வேளைகளில் காட்டிக்கொடுக்கிறது. எச்சபையையும் சேராதவரின் வரி அட்டையில் சமயத்துக்குரிய கட்டத்தில் இரண்டு சிறு கோடுகள் இடப்பட்டன. அக்கோடுகளே தம் நிலையை முதலாளிக்குச் சொல்லிவிடுகின்றன என்று ஒருவர் தொடுத்த வழக்கில், அச்செய்தி அளவில் சிறியது, வரிக்கு மட்டுமே பயன்படுவது என்று கூறி, உரிமைமீறல் இல்லை என 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெரும்பான்மை முடிவாகத் தீர்ப்பளித்தது. அளவில் சிறியது என்ற சமாதானம் முழு நிறைவு தரவில்லை. தானியங்கிக் கணினி யுகத்தில் அற்பமான தகவல் என்று ஒன்று இல்லை என 1983இலேயே ஜெர்மானிய நீதிமன்றம் சொல்லிவிட்டிருந்தது. 2015 முதல் வட்டி வருமானத்துக்கான திருச்சபை வரிக்காக வங்கிகளும் மத்திய வரி அலுவலகத்திடம் வாடிக்கையாளரின் சபையைக் கேட்டறிகின்றன. விரும்பாதவர் அத்தகவலைத் தரக் கூடாதென்று தடை பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்த உறுப்பினரின் சபை வங்கிக்குத் தெரியாது. ஆனால் அவர் தடை போட்டிருக்கிறார் என்ற செய்தி அவருடைய வட்டார வரி அலுவலகத்துக்குப் போய்விடுகிறது.