ஈடு வைக்கப்பட்டவர்கள்

தரம் ஒன்பதில் தமிழ்ப் பாடம். முதல்நாள் தொலைக்காட்சியில் 'கோச்சடையான்' படம் போயிருக்கிறது. வகுப்பில் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள். பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் பேச விட்டேன். பையன்கள் வாள்சண்டையையும் கப்பலையும் பற்றிப் பேசினார்கள். நானும் என் பங்குக்கு, "அது ரஜினி இல்லை, ரஜினியைப் போலச் செய்த பொம்மை" என்று சொல்லிச் சிரித்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். நமுனுகுல மலையடிவாரத்து லயமொன்றிலிருந்து நடந்து வருபவள்; அதிகம் பேசாதவள்.

"சேர், அந்த ஆளுகள அடிமையா விட்டுட்டு வந்தாரே, அதுக்கு முந்தி அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

எனக்குப் பதில் வரவில்லை. "நல்ல கேள்வி, பிறகு பேசுவோம்" என்று சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். ஆசிரியர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி அது. அந்தப் 'பிறகு'தான் இந்தக் கட்டுரை.

படம் வெளிவந்தது 2014 மே 23ஆம் திகதி. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கியது, கதை கே.எஸ். ரவிக்குமாருடையது, இசை ஏ.ஆர். ரஹ்மான். நடிகர்களின் உடலசைவைக் கருவிகளால் பதிவுசெய்து, அந்த அசைவைக் கணினியில் உருவாக்கிய உருவத்துக்குக் கொடுக்கும் முறையில் எடுக்கப்பட்டது. 2009இல் மறைந்த நாகேஷைக்கூட அதில் மீண்டும் நடமாட வைத்திருந்தார்கள். ஆனால் பார்த்தவர்களில் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கண்ணில் உயிரில்லை, நடை பொம்மை நடை, முகத்தில் சதை அசையவில்லை என்றார்கள். 'அவதார்' (2009), 'டின்டின்' (2011) போன்ற படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது எட்டவில்லை. கதையையும் இசையையும் பாராட்டியவர்கள்கூட ஓர் 'ஆனால்' சேர்த்தே பாராட்டினார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பசறை பஸாரில் மஃரிபுக்குப் பின் நண்பர்கள் கூடும் தேநீர்க்கடையில், இறுவட்டில் பார்த்த அந்தப் படத்தை ஒரு வாரம் கிழித்துத் தோரணம் கட்டினோம். அந்த ஒரு வாரத்தில் எங்களில் எவருக்கும் இந்தப் பிள்ளையின் கேள்வி தோன்றவில்லை. உருவத்தின் கண்ணைத் தேடிப் பார்த்த நாங்கள் கதையின் கண்ணைப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் உம்மம்மா சொன்ன அமீர் ஹம்ஸா கதைகளில் தேவர்களும் ஜின்களும் வாள்களும் வந்தன. சைத்தூன் கிஸ்ஸாவை ராகம் போட்டுப் படிக்கும் வீடுகளும் நம்மிடம் இருந்தன. அந்த வீரர்களின் முகத்தை யாரும் நமக்கு வரைந்து காட்டவில்லை. உயிரைக் கேட்பவரே கொடுத்துக்கொண்டார். லயத்துப் பிள்ளைகள் கோச்சடையானையும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். குறையை அவர்கள் தங்கள் கையால் நிரப்பிக்கொண்டதால் கதைக்குள் போய்விட்டார்கள். நான் வாசலிலேயே நின்று நிலைக்கதவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதை இதுதான். கோச்சடையான் கோட்டைப்பட்டினத்தின் படைத்தலைவன். கடற்பயணமொன்றில் அவனுடைய வீரர்களின் உணவில் பகைநாடான கலிங்கபுரியார் நஞ்சு கலந்துவிடுகிறார்கள். வீரர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்து பகைவனிடமே இருக்கிறது. வீரர்களை அடிமைகளாக விட்டுப்போனால் வைத்தியம் செய்வதாகக் கலிங்கபுரி அரசன் சொல்கிறான். கோச்சடையான் சம்மதிக்கிறான். பிழைத்தால் பிறகு மீட்கலாம் என்பது அவன் கணக்கு. ஊர் திரும்பியதும், அவன் புகழில் பொறாமை கொண்ட சொந்த அரசன் துரோகி என்று குற்றஞ்சாட்டித் தலையை வெட்டுவிக்கிறான். பின்னர் மகன் ராணா கலிங்கபுரிக்குப் போய், அங்கே படைத்தலைவனாக உயர்ந்து, அடிமைகளை மீட்டு வருகிறான்.

கோச்சடையான் துரோகியா, தியாகியா என்பதைப் படம் நமக்காகத் தீர்த்து வைத்துவிடுகிறது. என் மாணவி கேட்டது அதுவல்ல. பிறருடைய உயிரைக் காப்பாற்றுவதற்காக அவர்களுடைய சுதந்திரத்தை அவர்களைக் கேளாமல் ஈடு வைக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பதே அவள் கேள்வி.

கோச்சடையான் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. நஞ்சு அவகாசம் தராது. நினைவிழந்து கிடப்பவனிடம் சம்மதம் கேட்க முடியாது. செத்தவனை மீட்க முடியாது, அடிமையை மீட்கலாம். வைத்தியசாலையில் மயங்கிக் கிடப்பவருக்காக மகன் கையொப்பம் வைக்கிறானே, அதைப் போன்றதுதானே இது என்று கேட்கலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கையொப்பம் வைக்கிற மகன் கட்டிலருகே இருக்கிறான். ஈடு வைக்கிறவன் வெளியே போய்விடுகிறான். நகையை அடகு வைத்தால் நகைக்கு வலிக்காது. ஆளை அடகு வைத்தால், மீட்கும் நாள்வரை ஒவ்வொரு காலையும் அந்த ஆள் எழுந்து வேலைக்குப் போகவேண்டும். நஞ்சு இறங்கிக் கண்விழித்தவன் விலங்கைத்தான் முதலில் பார்த்திருப்பான். அந்தக் காலையைப் பற்றிப் பேசக் கதைக்கு நேரமில்லை. அது தலைவனோடும் மகனோடும் போய்விடுகிறது.

இந்தக் கேள்வி எங்கள் ஊவா மலைகளில் எழுந்ததில் வியப்பில்லை. கோப்பிக் காலத்திலிருந்தே இங்கே வந்த தொழிலாளி கடனோடுதான் வந்தான். வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் அவன் தலையில் ஏறியிருந்தன. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்கள் போவார்கள். பேச்சு துரைக்கும் கங்காணிக்கும் இடையில் நடக்கும். பேசப்பட்டவன் மட்டம் வெட்டிக்கொண்டிருப்பான். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

காகிதம் ஒழிந்தது, வழக்கம் ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு முன்னர் லயத்தில் எவரிடமும் போய்க் கேட்கவில்லை. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. மீட்பு வர 55 வருடங்கள் சென்றன. ராணா ஒரே தலைமுறையில் முடித்த வேலை அது.

இங்கே எனக்கொரு தடை எழுந்தது. வாசகர்களுக்கும் எழுந்திருக்கலாம். ஹிஜ்ரி ஆறில் ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்படும்போது, மக்காவில் விலங்கிடப்பட்டிருந்த அபூ ஜந்தல் (ரழி) சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. எதிர்த்தரப்பில் பேசியவர் அவருடைய தந்தை சுஹைல். அபூ ஜந்தல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கேயும் பலருடைய அமைதிக்காக ஒருவரின் சுதந்திரம் விட்டுக்கொடுக்கப்படவில்லையா?

நான் ஆலிம் அல்ல, வாசித்தவனாகச் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் அந்த ஒருவரை விட்டுத் தருமாறு சுஹைலிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் மறுத்த பிறகு, கொடுத்த வாக்கை மீற முடியாது என்பதையும், அல்லாஹ் வழி திறப்பான், பொறுமையாக இருங்கள் என்பதையும் அபூ ஜந்தலின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். தோழர்களின் துயரத்தை யாரும் மூடி மறைக்கவில்லை. பின்னர் குறைஷிகளே அந்த நிபந்தனையை விட்டுவிடக் கேட்டுவந்த வரலாறும் நமக்குத் தெரியும். வேறு வழியில்லாத முடிவுகள் உண்டு என்பதை ஹுதைபிய்யா காட்டுகிறது. அப்படிப்பட்ட முடிவையும் உரியவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பதையும் அதுவே காட்டுகிறது.

இவ்வளவு எழுதிய பிறகு என்னைப் பற்றியும் எழுதாவிட்டால் அது நேர்மையாகாது. 2011இல் என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனுக்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. கையில் காசில்லை. கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் பேசினேன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த அந்தப் பையன் இரண்டு வருடம் கடையில் நிற்பது, அவன் சம்பளத்தில் கழித்துக்கொள்வதாக முன்பணம் தருவது என்று முடிவாயிற்று. நான் பொறுப்பு நின்றேன். தாயிடம் பேசினேன், கடைக்காரரிடம் பேசினேன். பையனிடம், "ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடு" என்று மட்டும் சொன்னேன். தகப்பன் பிழைத்தார். பையனின் பெறுபேறு நன்றாக வந்திருந்தது. ஆனால் அவன் உயர்தரம் படிக்கவில்லை. நல்ல காரியம் செய்தேன் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அந்தப் பெருமையில்தானோ என்னவோ, கோச்சடையானின் முடிவும் எனக்கு உறுத்தவில்லை.

மாணவியின் கேள்விக்குப் பிறகு அவனைத் தேடிப் போனேன். இப்போது பதுளையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். ஒரு பிள்ளைக்குத் தகப்பன். உன்னைக் கேளாமல் செய்தது பிழை என்று சொன்னேன். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தான். பிறகு சொன்னான்:

"கேட்டிருந்தா நானே போறேன்னுதான் சொல்லியிருப்பேன் சேர். அப்பாவுக்குத்தானே. நீங்க கேக்கல. அதனால நான் போன மாதிரி இல்ல, என்னைய அனுப்பின மாதிரி ஆயிருச்சு."

கேட்டிருந்தாலும் நடந்தது அதேதான். அதே கடை, அதே இரண்டு வருடம். ஆனால் அது அவன் தகப்பனுக்குச் செய்த தியாகமாக இருந்திருக்கும். நான் அதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்ததோடு, காப்பாற்றியவன் என்ற பெயரையும் நானே வைத்துக்கொண்டேன். துண்டெழுதிய துரையிலிருந்து நான் எவ்வளவு தூரத்தில் இருந்தேன் என்று அளந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். நினைவிழந்தவனுக்காக ஒருவன் முடிவெடுக்க நேரலாம். ஆனால் அவன் கண்விழித்த மறுகணமே அந்த முடிவு அவன் முன் வைக்கப்பட வேண்டும். ஈடு வைத்தவன் மீட்கும்வரை கடனாளியே. ஈடாக இருந்தவன் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவனல்ல. கேட்கக்கூடிய நிலையில் இருப்பவனைக் கேளாமல் செய்யும் நன்மையில், நன்மை எவ்வளவு பெரிதானாலும், ஒரு களவு கலந்திருக்கிறது.

மறுவாரம் வகுப்பில், "அவர் கேட்கவில்லை பிள்ளை. கேட்டிருக்கவேண்டும். நானும் ஒருமுறை கேட்காமல் விட்டிருக்கிறேன்" என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். படத்தின் கண்களைப் பற்றி இப்போது நான் யாரிடமும் பேசுவதில்லை.