பழியும் மரமும்

நோய் வந்தால் ‘எதனால்’ என்று மருத்துவர் கேட்பார்; ‘யாரால்’ என்று ஊர் கேட்கும். எச்.ஐ.வி. பெருகும்போது அதன் மரபணு எழுத்துகளில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் உறவுண்டு என்று பதிப்பாசிரியர் ஊகிப்பதுபோல, இந்தப் பிழைகளைக் கொண்டு வைரஸின் வம்சமரத்தை வரையலாம். அந்த மரம் ஒருவரைப் பழியிலிருந்து விடுவிக்க வல்லது. பழி சுமத்த அது போதாது என்பது என் கட்சி.

லிபியாவின் பெங்காசி நகர மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. வேண்டுமென்றே பரப்பியதாகப் பல்கேரியச் செவிலியர் ஐவருக்கும் பாலஸ்தீன மருத்துவர் ஒருவருக்கும் மரண தண்டனை. அவர்கள் அங்கே வந்தது 1998 மார்ச்சில். குழந்தைகளின் வைரஸ், மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலான ஏ-ஜி கலப்பு வகை. அது அவர்கள் வருமுன்பே அங்கே பரவத் தொடங்கியிருக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பல குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ்-சி வைரஸும் வெவ்வேறு கிளைகளாகத் தொற்றியிருந்தது. ஊசிச் சுத்தம் நெடுநாளாகவே கெட்டிருந்ததற்கு அது அடையாளம். அதே மாதம் மறுவிசாரணையிலும் மரண தண்டனைதான். 2007 ஜூலையில்தான் அறுவரும் நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது.

விடுவிக்கத் தெரிந்த சான்றுக்குக் குற்றவாளியைக் காட்டத் தெரியாதா என்று கேட்கலாம். சுவடிக்கே திரும்புவோம். ஒரே பிழை உள்ள இரண்டில் எது எதைப் பார்த்து எழுதியது? செல்லரித்துப்போன மூன்றாம் ஏட்டைப் பார்த்து இரண்டும் எழுதப்பட்டிருக்கலாமே! மறுக்க ஒரு கண்ணி அறுந்தால் போதும். நிறுவ, காணாமல்போன ஏடுகளுக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டும். கனடா நாட்டு விமானப் பணியாளர் கேத்தான் டியூகா விஷயத்தில் அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. 1984 ஆய்வொன்றில் ‘கலிபோர்னியாவுக்கு வெளியே’ என்பதைக் குறிக்க அவருக்கு இட்ட ‘ஓ’ என்ற எழுத்து பூஜ்யமாக வாசிக்கப்பட்டு, அமெரிக்காவுக்கே எய்ட்ஸைக் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 2016இல் வரைந்த மரத்தில் அவருடைய வைரஸ் நடுக்கிளையொன்றில் கிடந்தது. 1970 வாக்கிலேயே கரீபியன் பகுதியிலிருந்து நியூயார்க்குக்கு வைரஸ் வந்துவிட்டிருந்தது.

தெரிந்தே பரப்புகிறவரும் உண்டே என்றால், உண்டு. ஆனால் அவரைக் குற்றவாளியாக்குவது அந்தத் ‘தெரிந்தே’. அதற்கு மரபணுவில் எழுத்தில்லை. முன்னால் நின்றதே குற்றமென்றால் மரத்தின் வழியே இன்னும் பின்னே போக வேண்டியதுதான்: 1920 வாக்கில் கின்ஷாசா, அதற்கும் முன்னே தென்கிழக்குக் கேமரூன் காட்டில் ஒரு சிம்பன்சி. அதைக் கூண்டிலேற்றச் சொல்லி இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.