இரவில் அடக்கம் செய்த வைத்தியர்



சரீரத்தைச் சேர்ந்த இரக்கக் கிரியைகள் ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். முதல் ஆறும் உயிரோடிருப்பவர்களுக்குச் செய்வது. மரித்தோரை அடக்கம் செய்வது என்னும் ஏழாவது மட்டும், நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாதவனுக்குச் செய்வது. அதனாலேயோ என்னவோ, நாம் அதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

1916-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், முதல் உலக யுத்தத்தில், பிரான்சு தேசத்துக் கில்மோன் கிராமத்தருகே ஆங்கிலப் பட்டாளம் ஒன்று சிதறடிக்கப்பட்டது. அதன் வைத்தியர் நோயெல் ஷவாஸ் என்பவருக்கு அப்போது வயது 31. 1908-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடியவர். லிவர்பூல் நகர ஆங்கிலிக்கன் மேற்றிராணியாரின் மகன். நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்ல. ஆனால் சமாரியனின் உவமையைச் சொன்ன ஆண்டவர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

9-ந் தேதி பகல் முழுவதும் எதிரியின் கண்ணெதிரே காயங்களைக் கட்டினார். இரவில் நான்கு மணி நேரம் எதிரியின் அகழிக்கு முன்னே தவழ்ந்து காயப்பட்டவர்களைத் தேடினார். மறுநாள் ஒருவனை 500 கஜ தூரம் சுமந்து வருகையில் குண்டுச் சிதறல் அவர் விலாவில் பாய்ந்தது. வேறொருவராயின் அத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இவரோ அன்றிரவே 20 பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். எதிரியிடமிருந்து 25 கஜ தூரத்தில் ஒரு குழியில் கிடந்த மூவரை மீட்டார்.

இதுவரை செய்தது வைத்தியர் வேலை என்று சொல்லலாம். அதற்குமேல் செய்ததைக் கேளுங்கள். இறந்துகிடந்த இரண்டு அதிகாரிகளை அங்கேயே அடக்கம் செய்தார். பிரேதங்களிலிருந்து, சிப்பாயின் பெயர் பொறித்த அடையாள வில்லைகளைச் சேகரித்தார். துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டேயிருந்தன. செத்தவனுக்காக உயிரைப் பணயம் வைப்பது புத்தியா என்று கேட்கலாம். அந்த வில்லை வராவிட்டால், மகன் இருக்கிறானா இறந்தானா என்று தெரியாமல் ஒரு தாய் சாகும்வரை வாசலையே பார்த்திருப்பாள்.

நமது வேதாகமத்தில் தொபியாஸ் என்பவர் இதையே செய்தார். அரசன் கொன்றெறிந்த தம் ஜனங்களை மறைவாகப் புதைத்தார். அதற்காக ஓடி ஒளிய நேரிட்டது. திரும்பி வந்தபின்னும், பந்தியிலிருந்து எழுந்துபோய்த் தெருவில் கிடந்த பிரேதத்தை எடுத்துவந்தார். அக்கம்பக்கத்தார் பரிகசித்தார்கள். நம்மிடையேயும் பணக்கார வீட்டுச் சாவென்றால் தெரு நிறைகிறது. நாதியற்ற கிழவி இறந்தால் பெட்டி தூக்க நாலு பேர் தேடவேண்டியிருக்கிறது.

1917 ஜூலை மாதம் வைத்தியரின் கடைசித் தம்பி ஏய்டன் பெல்ஜியத்தில் காணாமற்போனான். பிறருடைய பிள்ளைகளின் வில்லைகளைத் தேடிக் கொடுத்தவரின் வீட்டிலேயே வாசலைப் பார்த்திருக்கும் துயரம் வந்தது. ஈப்பர் நகரத்து மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் அவன் பெயரும் உண்டு.

அம்மாதம் 31-ந் தேதி ஈப்பர் அருகே பெரும் போர் தொடங்கியது. தலையில் அடிபட்டும் நோயெல் தம் இடத்தைவிட்டுப் போக மறுத்தார். இரண்டு நாள் பெரும்பாலும் ஆகாரமின்றி, சேற்றில் காயப்பட்டவர்களைச் சுமந்தார். பிறகு வயிற்றில் காயமடைந்து ஆகஸ்டு 4-ந் தேதி பிராந்தூக்கில் மரித்தார். விக்டோரியா சிலுவை என்னும் வீரப்பதக்கத்தை இருமுறை பெற்றவர் சரித்திரத்தில் மூவரே. அவர்களில் இவர் ஒருவர். அவர் கல்லறைக் கல்லில் அந்தச் சிலுவை இரண்டு முறை செதுக்கப்பட்டிருக்கிறது.

நவம்பர் 2-ந் தேதி பூசைக்குப்பின் கல்லறைகள் மந்திரிக்கப்படும். குடும்பக் கல்லறைக்குக் கொண்டுவரும் மெழுகுதிரிகளோடு, மதிலோரத்தில் பெயரில்லாமல் கிடக்கும் குழிகளுக்கென்றும் வீட்டுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். புல் செதுக்க ஆள் வேண்டும்.