போர்ப்புகழும் வாய்மையும்

பொருள்களை அறிதற்குரிய வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறுதல் சித்தாந்த நூலார் வழக்கு. இம்மூன்றனுள் உரை என்பது சொல்லுவோனது நேர்மையையே தனக்குப் பற்றுக்கோடாக உடையது. கண்ணாற் காணவும் கருதி உணரவும் இயலாத செய்தியை, கண்டான் ஒருவன் சொல்லக் கேட்டே உலகம் கொள்ளுகின்றது. போர்க்களத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. புகையும் இருளும் பேரரவமும் சூழ்ந்த இடத்தில், ஒரு நாழிகைக்குள் நடந்து முடிவதை அருகிருந்தோர் சிலரே காண்பர். அவருள்ளும் பலர் அங்கேயே மாண்டொழிய, எஞ்சினோன் ஒருவன் ஊர் திரும்பிச் சொல்லுவதே வரலாறாகின்றது. மாண்டோர் வந்து மறுக்கவும் மாட்டார், உடன்படவும் மாட்டார். ஆகவே, எஞ்சினோன் நாவினிடத்துத் தன் செயலேயன்றி மாண்டார் செயலும் அடைக்கலமாக வைக்கப்பட்டிருக்கின்றது.

அத்தகைய நாவினால் ஒருவன் தன் செயலைக் கூட்டியுரைப்பானாயின், அது யார்க்கு இழைத்த குற்றமாம்? தான் பெறாத பதக்கத்தைப் பெற்றேன் என்பானும், பெற்ற பதக்கத்தின்மேல் உரிமையில்லாத குறியொன்றை அணிவானும், சென்ற போரில் தான் நில்லாத இடத்தில் நின்றதாகப் பேசுவானும் ஒரே நிறையில் வைத்து எண்ணத்தக்கவரோ? பதக்கம் வழங்கும் நாடுகள் அனைத்திலும் இவ்வினா எழுவதேயெனினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதுபற்றிச் சட்டமும் வழக்கும் பெருக நிகழ்ந்திருத்தலின், அந்நாட்டுச் செய்திகளைக் கொண்டு ஆராய்தல் தெளிவு பயப்பதாகும்.

2007ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாகாணத்துத் தண்ணீர் வழங்கும் கழகமொன்றின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், பொதுக்கூட்டத்தில் தம்மை அறிமுகம் செய்துகொள்ளுங்கால், தாம் கடற்படைக் காலாளாக 25 ஆண்டு பணியாற்றியவர் என்றும், அந்நாட்டின் தலையாய போர்ச்சிறப்பாகிய கௌரவப் பதக்கம் பெற்றவர் என்றும் கூறினார். அவர் படையிற் சேர்ந்தவரே அல்லர். பெறாத பதக்கத்தைப் பெற்றதாகக் கூறுதலைக் குற்றமாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அறுவர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகப் பிரிந்த நீதிபதிகள், அச்சட்டம் பேச்சுரிமைக்கு மாறானது என்று தள்ளினர். ஒரு சொல் பொய் என்பது ஒன்றே பற்றி அரசு அதனைத் தண்டித்தல் ஆகாது. பொய்ச்சொல்லை மெய்ச்சொல்லால் மறுத்தலே நேர்வழி என்பது அவருட் சிலர் கருத்து. மறு ஆண்டில் இயற்றிய புதுச்சட்டம், பணமோ பொருளோ பிற ஊதியமோ கருதிக் கூறும் பொய்யையே குற்றமாக வைத்தது.

சட்டம் ஒன்றை விடுத்தமையால் அறமும் அதனை விடுத்தது என்பாரும் உளர். அது பொருந்தாது. அரசன் செங்கோல் எட்டும் எல்லை சிறிது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பதில் அவ்வெல்லை கிடையாது. ஆயினும் முழுப்பொய்யனாகிய இவரைப் பற்றி நெடிது ஆராய வேண்டுவதில்லை. இத்தகையோனுடைய பொய் ஒருநாள் வெளிப்பட்டுவிடும். அதில் மயங்குதற்கு ஒன்றுமில்லை. ஆராயத்தக்கவர் பிறர்.

மேரி வாக்கர் என்னும் பெண்மணி ஒரு மருத்துவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் படையில் காயம்பட்டோர்க்கு மருத்துவம் செய்து, 1864இல் தென்னவர் கையிற் சிறைப்பட்டுச் சில திங்கள் ரிச்மண்ட் நகரில் அடைபட்டுக் கிடந்தார். அடுத்த ஆண்டில் அவருக்குக் கௌரவப் பதக்கம் அளிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கழிந்தபின், 1916இல், ஓய்வுபெற்ற தளபதிகள் ஐவர் கூடி, அதுவரை வழங்கிய பதக்கங்களையெல்லாம் ஆராய்ந்தனர். 1917இல் 911 பெயர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டன. அவர் முறைப்படி படையிற் பதவி பெற்றவரல்லர் என்பது பற்றி வாக்கர் பெயரும் அவற்றுள் ஒன்றாயிற்று. அம்மையார் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்திலர். 1919இல் உயிர் நீங்குமளவும் அணிந்தே இருந்தார். 1977இல் அப்பதக்கம் மீண்டும் அவர் பெயரிற் சேர்க்கப்பட்டது.

அந்த ஈராண்டும் அவர் அணிந்தது பொய்யோ? சிறையிருந்தது மெய், காயம் கட்டியது மெய், பதக்கத்தை நாடு வழங்கியதும் மெய். பின்னர் ஏட்டில் ஒரு கோடு இழுத்தமையால் முன் நடந்தது நடவாததாகாது. எனினும் பதக்கம் என்பது செயல் மட்டுமன்று. அச்செயலை நாடு ஏற்றுக்கொண்டது என்னும் அடையாளமும் ஆம். ஏற்றலை நாடு மீட்டுக்கொண்டபின், அதனை அணிவது ஏற்றல் இன்னும் உளது என்று காட்டுவதன்றோ எனின், அம்மையார் எதனையும் மறைத்திலர் என்பதே விடை. நீக்கியதை ஊரறியும், அவர் அணிந்ததையும் ஊரறியும். தாம் தகுதியுடையேன் என்று நாட்டோடு வழக்காடியதேயன்றிப் பிறரை மயக்கியதில்லை. மயக்கும் கருத்து இல்வழிப் பொய் என்னும் பெயர் சாராது.

இதனினும் நுண்ணியது கடற்படைத் தலைவர் ஜெரமி பூர்டா என்பாரது செய்தி. அவர் கடைநிலை மாலுமியாக 1956இற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1994இல் அந்நாட்டுக் கடற்படையின் தலைமைப் பதவியை அடைந்தவர். கடைநிலையினின்றும் அவ்விடத்தை எட்டிய முதல்வர் அவரே. வியட்நாம் போர்க்காலத்தில் போர்க்கப்பலிற் பணிசெய்து இரண்டு பதக்கங்கள் பெற்றார். அவற்றின் நாடாவின்மேல், நேரே போரிற் கலந்தார் என்பதற்கு அடையாளமாக, ‘வி’ என்னும் எழுத்து வடிவில் அமைந்த மிகச் சிறிய வெண்கலக் குறியைப் பல்லாண்டு அணிந்துவந்தார். அக்குறிக்கு அவர் உரியவர் தாமோ என்னும் ஐயம் எழுந்தபோது அதனை நீக்கிவிட்டார். நீக்கி ஏறக்குறைய ஓராண்டு சென்றபின், 1996ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், பத்திரிகையாளர் சிலர் இதுபற்றி வினவ வருகின்றனர் என்று அறிந்த அன்றே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இறந்தபின்னும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. வியட்நாம் போர்க்காலத்துக் கடற்படையை நடத்திய தளபதி சும்வால்ட், அக்குறியைப் பூர்டா அணிந்தது முறையே என்று எழுதிய கடிதம் 1998இல் அவர் ஏட்டிற் சேர்க்கப்பட்டது. மறு ஆண்டில் ஏடுகளைத் திருத்தும் குழுவோ, அவர் உரியவரல்லர் என்று கண்டது. கப்பலில் இருந்தது மெய், பதக்கம் மெய், அரையங்குலமும் இல்லாத குறி ஒன்றே ஐயத்துக்கிடம். நாற்பதாண்டுப் பணி அக்குறியினும் இலேசாகத் தோன்றும்படி ஒரு மனிதர் உள்ளத்தை அழுத்தியது எது? பழி எனின், பழி அத்துணைப் பெரிதன்று. தன் பெயரே தான் என்று உயிர் எண்ணிவிடும் மயக்கம் என்றே கொள்ளல் வேண்டும். பெயரின்மேல் ஒரு மாசு படின் தானே அழிந்ததாக அது நடுங்குகின்றது. இஃது அவர் ஒருவர்க்கேயுரிய குறை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ளற்க. அவரை இகழ்தற்கும் இங்கே இடமில்லை; இரங்குதற்கே இடமுண்டு.

இனி, கூட்டியுரைக்கும் வீரனைக் காண்போம் எனின், அவனே இவருள் மிகப் பலன். அவன் போருக்குச் சென்றது உண்மை. ஆனால் இக்காலத்துப் பெரும்படையில் சோறு சமைப்போர், வண்டி ஓட்டுவோர், பண்டகசாலைக் கணக்கு எழுதுவோர், கம்பி பழுதுபார்ப்போர் என்பவரே பெருந்தொகையினர். இவரின்றி முன்னணியில் நிற்போன் ஒரு நாளும் நிற்கமாட்டான். ஆயினும் ஊர் திரும்பியவனை அயலார் வினவுவது யாது? எத்தனை பேரைக் கொன்றாய் என்பதே. பண்டகசாலையில் இருந்தேன் என்று அவன் மெய் சொல்லின், கேட்டோர் முகம் வாடுகின்றது. அடுத்த வினாவே இல்லை. அம்முகவாட்டத்துக்கு அஞ்சி அவன் முதல் பொய்யைச் சொல்லுகின்றான். இக்குற்றத்தில் கேட்டோர்க்கும் பங்குண்டு என்பதை மறுத்தல் அரிது.

அவன் இழப்பது யாதெனின், தன் மெய்யான செயலையே. ஈராண்டு வெயிலிலும் பனியிலும் நின்று பிறர்க்கு உணவும் மருந்தும் தவறாது சேர்ப்பித்தது அவன் உடைமை. அது போதாது என்று அவன் வாயே தீர்ப்பளித்துவிட்டது. பிறன் செயலைக் கவர்ந்து தன்மேற் போர்த்துக்கொண்டவன், தன் செயலைக் குப்பையில் எறிந்தவனாகின்றான். பின்னர் அதனைப் புகழுவார் ஒருவரும் இலர், அவன் உட்பட. தன்னைத் தானே இங்ஙனம் வறியனாக்குவோன் உலகிற் பிறிதெங்கும் காண்டற்கரியன்.

மற்று, கூட்டியுரைத்தல் அனைத்தும் அறிந்து கூறும் பொய்யோ என்பதும் ஆராயற்பாலது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரினின்றும் திரும்பிய வீரர் 59 பேரை, திரும்பிய ஒரு திங்களில் ஒருமுறையும் ஈராண்டு கழித்து ஒருமுறையுமாக, அவர் கண்ட கொடுமைகள் பற்றி அதே 19 வினாக்களை மருத்துவர் வினவினர். நூற்றுக்கு 88 பேர் விழுக்காடு ஒரு விடையையேனும் மாற்றிக் கூறினர். முன்னர் இல்லை என்றதைப் பின்னர் உண்டு என்றோர் பலர். இவரெல்லாம் பொய்யரென்று துணிதல் பேதைமை. நினைவு என்பது கல்லில் எழுத்தன்று. எடுக்குந்தோறும் சிறிது வேறாக வைக்கப்படுவது. முதன்முறை கூட்டுங்கால் கூட்டுகின்றேன் என்று அறிந்தவன், பத்தாம் முறை அறிகின்றிலன். தான் புனைந்ததைத் தானே கண்டதாக நம்புகின்றான். பொருளை மறைப்பதோடு மறைக்கின்ற தன்னையும் மறைத்து நிற்பது என்று ஆணவத்துக்கு நூலோர் கூறிய இயல்பு இவ்விடத்து வைத்து எண்ணத்தக்கது. ஆதலின் அவன் காத்துக்கொள்ளவேண்டுவது பத்தாம் முறையையன்று, முதல் முறையை.

புறப்பொருள் இலக்கணம் வல்லார் ஈண்டு ஒரு தடை எழுப்புதல் கூடும். வீரன் தன் ஆண்மையைத் தானே எடுத்துரைத்தலை நெடுமொழி வஞ்சி என்று ஒரு துறையாகவே தமிழ்நூலார் வகுத்தனரன்றோ, அது குற்றமாயின் துறையாவது எங்ஙனம் என்பர். அத்துறை நிகழும் இடத்தை நோக்குக. பகைவர் படை எதிரே நிற்கின்றது. செயல் இனித்தான் நிகழவேண்டும். அங்கே சொன்ன சொல் சொன்னவனைக் கட்டுகின்றது. பின்வாங்கின் அச்சொல்லே அவனைச் சுடும். போர் முடிந்து பகைவன் அகன்று, திண்ணையில் அமர்ந்து கூறும் பெருமொழி யாரையும் கட்டுவதில்லை. இரண்டும் ஒன்றல்ல.

பிறர் பொய்யை வெளிப்படுத்தலையே தொழிலாகக் கொண்டோரும் அந்நாட்டில் இருக்கின்றனர். அவர் செய்வதில் நன்மை இல்லாமலில்லை. மாண்டார் புகழைக் காப்பார் வேண்டும். ஆனால் ஏட்டில் இல்லை, ஆகவே நடந்ததில்லை என்று ஒரே மூச்சில் முடிவுகட்டுதல் தீது. 1973ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் படையேட்டு நிலையத்தில் பற்றிய தீயில், ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீரர் ஏடுகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையினின்றும் விடுபட்டோர் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது அதில் அழிந்தன. மெய்யாகவே காயம்பட்டு, அதனைக் காட்டும் தாளில்லாது நின்ற முதியோர் எண்ணிறந்தோர். அவருள் ஒருவனைப் பலர்முன் நிறுத்திப் பொய்யன் என்று நகைப்பான், பொய்யன் இழைத்த குற்றத்தினும் பெரியதொன்றை இழைப்பான். மெய்யை நாடுவோனுக்கும், பிறன் வீழ்ச்சியைக் கண்டு களிப்பவனுக்கும் கையிலுள்ள ஏடு ஒன்றாயிருத்தல் கூடும், உள்ளம் ஒன்றன்று. தோழன் ஒருவன் கூட்டியுரைப்பதை உடனிருந்தோன் கேட்பின், அவையிற் சுட்டாது, தனியே அழைத்துச் சென்று, அன்று நீ செய்தது இதுவன்றோ, அது சிறிதோ என்று அவன் செய்த மெய்ச்செயலை நினைப்பூட்டுதல் தக்கது.

இவ்வகையில் மெய்ன் மாகாணத்து 27ஆம் காலாட்படையின் தலைவர் வென்ட்வொர்த் செய்தது குறிப்பிடத்தக்கது. 1863ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், கெட்டிஸ்பர்க் போர் நெருங்கிய காலத்தில், அப்படையினர்க்கு ஒப்பந்தக் காலம் முடிந்தது. தலைநகராகிய வாஷிங்டனைக் காக்கச் சில நாள் மிகுதியாகத் தங்குவோர்க்குக் கௌரவப் பதக்கம் தரப்படும் என்று போர் அமைச்சர் ஸ்டான்டன் வாக்களித்தார். ஏறக்குறைய 300 பேர் தங்கினர். ஏனையோர் வீடு திரும்பினர். பின்னர் எழுத்தர் பிழையால் தங்கியவர் தங்காதவர் என்னும் வேறுபாடின்றி 864 பேர்க்கும் பதக்கம் பொறித்து அனுப்பப்பட்டது. இங்கே ஏடு நிறைந்திருந்தது, செயல் இல்லை. வீடு சென்றவர் பெயரும் பதக்கத்தின் பின்புறம் தெளிவாக வெட்டப்பட்டிருந்தது. அரசே கொடுத்ததை வேண்டா என்று சொல்ல யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியிரார்.

வென்ட்வொர்த் தம்முடன் தங்கியோர்க்கு மட்டும் பதக்கங்களைச் சேர்ப்பித்தார். எஞ்சிய பலநூறு பதக்கங்களைத் தம் மனையிலேயே வைத்துக்கொண்டார். வீடு சென்றவரை அவர் ஊரறியப் பழித்தாரல்லர். அவர் காலத்துக்குப்பின் அப்பதக்கங்கள் இருந்த இடம் தெரியாது மறைந்தன. 1917இல் தளபதிகள் ஐவரது முடிவின்படி 864 பெயரும் ஒருங்கே நீக்கப்பட்டன. தங்காதவர் பெயரோடு தங்கிய முந்நூற்றுவர் பெயரும்.