நிழலில் நிற்பது கோழைத்தனமா?



2008-ம் ஆண்டு செப்டம்பரில், நமக்கு வடக்கே திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைப் பிறருக்கு ஈந்தார்கள். அந்தத் தருமம் தமிழ்நாடெங்கும் பலர் மனதைத் திறந்தது. உறுப்பு ஈந்தவர்களின் அடக்கம் அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023-ல் அரசாங்கமும் அறிவித்தது. ஈகிறவர்களின் பெருமையைப் பேசுகிறோம். பெற்றுக்கொண்டவரின் கடமை என்ன?

சிறுநீரகம் மாற்றப்பெற்ற ஒரு குடியானவர் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் நிற்காதீர் என்கிறார் வைத்தியர். அவரோ, "பிறர் தந்த உயிரை வைத்துக்கொண்டு நிழலில் உட்காருவதா? அது தாலந்தைப் புதைத்த ஊழியனின் செயல் அல்லவா?" என்கிறார். கேட்க அழகான வார்த்தை. ஆனால் நியாயமான வார்த்தையா?

1954-ல் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்றம், உருவொத்த இரட்டையருக்குள் நடந்தது. ஆகையால் உடல் அதை அந்நியம் என்று தள்ளவில்லை. மற்றவர்களுக்கோ, உடலின் காவலைத் தணிக்கும் மருந்து நாள் தவறாமல் வேண்டும். வெயிலால் கெட்டுப்போகும் தோல் அணுக்களைக் கண்டு அழிப்பதும் அதே காவல்தான். காவல் தளர்ந்தால் தோல் புற்றுநோய் எளிதில் தலைகாட்டும். கறுத்த தோல் வெயிலைச் சற்று அதிகம் தாங்கும் என்பது மெய். ஆனால் அது முழுக் கவசம் அல்ல. நம் நிறத்தவருக்கு வெயில் படாத மறைவிடங்களிலும் அந்நோய் வருவதுண்டு. ஆறாத புண்ணோ புதிய கட்டியோ கண்டால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பயந்துபோய் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரும் ஆபத்து.

அந்த ஊழியன் தாலந்தைப் புதைத்து, அதை ஒன்றுக்கும் பயன்படுத்தாமல் விட்டான். காலையில் உழைத்து, உச்சி வெயிலுக்கு முன் கரையேறி, முழுக்கைச் சட்டையும் குடையும் கொள்கிறவர் தாலந்தைப் புதைக்கவில்லை. பல வருஷம் பயன்படக் காக்கிறார். ஈகை கடன் அல்ல. ஈந்தவர் கணக்குக் கேட்பதில்லை. ஆனாலும் நன்றியுள்ளவன் பெற்றதைப் பேணுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு நிழலைத் தேர்ந்துகொள்ளும் சுதந்தரம் ஏது? நமது பிரம்மதேசத்துப் பக்கம் நடவும் மணிலா பறிப்பும் வெயிலில்தான். அத்தகையவருக்கு விடியற்கால வேலை கொடுப்பதும், களத்து நிழலில் செய்யும் வேலை கொடுப்பதும் நம் கையில் இருக்கிறது. அவரைச் சோம்பேறி என்று ஏளனம் செய்யும் நாவு, வேறொருவர் செய்த தருமத்தை அழிக்கிறது. உறுப்பை ஒருவர் ஈந்தார். நிழலை ஈவது நம் முறை அல்லவா?

உங்கள் பங்குக் குரு