சரியாகச் சொன்னவர் அறிந்தவர் ஆவாரா?

ஒருவர் சொன்ன சொல் உண்மையாகிவிட்டால், அதை அவர் அறிந்தே சொன்னார் எனக் கொள்ளலாமா? மன்திக் என்னும் தர்க்கக் கலையை ஓதிக் கொடுக்கும் மத்ரஸாக்களில் இது பழைய வினா. இதற்கு எண்களின் உலகில் ஓர் உதாரணம் உண்டு. பாட நூல்கள் காட்டும் உதாரணங்களைவிட அது தெளிவானது என்பது என் கருத்து.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். இரண்டுகளை அடுக்கிப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் சில வேளைகளில் அத்தகைய எண் கிட்டும். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று போக 31. அது பகா எண். பதினோர் இரண்டுகளுக்கோ 2047 வருகிறது. அது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகையே.

பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1644-இல், 257 வரை எத்தனை இரண்டுகளை அடுக்கினால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் தந்தார். நிரூபணம் தரவில்லை. 67-உம் 127-உம் அதில் இடம் பெற்றன. பிற்காலத்தார் ஆராய்ந்ததில் 127 சரியென்றும் 67 தவறென்றும் தெளிவாயிற்று. இரண்டையும் எழுதியது ஒரே பேனா அன்றோ!

மன்திக் அறிஞர்கள் மனத்தின் உறுதியை வகைப்படுத்துவர். எதார்த்தத்துக்கு முரணான உறுதி ‘ஜஹ்லு முரக்கபு’. அதாவது, தனக்குத் தெரியாது என்பதும் தெரியாத இரட்டை அறியாமை. எதார்த்தத்தோடு பொருந்தியும் ஆதாரமின்றி நிற்பது ‘தக்லீது’. யாரேனும் ஓர் ஐயத்தைக் கிளப்பினால் அது ஆடிப்போகும். ஆதாரத்தின்மேல் நிற்பதே ‘யகீன்’. 67-ஐப் பற்றி மெர்சென் கொண்டது முதல் வகை. 127-ஐப் பற்றிக் கொண்டதை யகீன் என எப்படிச் சொல்வது? அவர் கூற்று உண்மையோடு பொருந்தியது, அவ்வளவே.

1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 127-ஐ நிரூபித்தார். அந்த எண் 170141183460469231731687303715884105727, 39 இலக்கங்கள். 1951 வரை இதனினும் பெரிய பகா எண்ணை எவரும் அறிந்திலர். அதன் வர்க்கமூலம் வரையுள்ள எண்களால் விநாடிக்கு ஒன்றாக வகுத்துப் பார்த்தால் 40,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லூக்கா அவ்வாறு செய்யவில்லை. அவருடைய வழியைப் பின்னர் லெமர் என்ற அமெரிக்கர் எளிதாக்கினார். 31-ஐ வைத்து அதைப் பார்ப்போம். 4-இல் தொடங்குக. அதன் வர்க்கத்தில் இரண்டு கழிக்க 14. அதன் வர்க்கத்தில் இரண்டு கழிக்க 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கத்தில் இரண்டு கழிக்க 62. அது 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இரண்டுகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைந்த படிகளில், அதாவது மூன்றாம் படியில், மீதி அற்றது. ஆகவே 31 பகா எண். 127 இரண்டுகளுக்கு இதே வேலை 125 படிகள்.

67 பகா எண் தராது என்பதையும் லூக்காவே 1876-இல் காட்டினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பூட்டிய வீட்டினுள் ஆள் இருப்பதை அறிவது வேறு, அவர் இன்னார் என அறிவது வேறு. 1903-இல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 193707721, 761838257287 என்ற இரு காரணிகளை அறிவித்தார். ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றொரு கதையும் உண்டு.

இதை எழுதும் நான் அந்த 125 படிகளையும் ஏறிப் பார்த்ததில்லை. 127-இல் நானும் முகல்லிதுதான். ஆயினும் நான் பின்பற்றுவது மெர்செனை அன்று. விரும்பிய எவரும் மீண்டும் செய்து பார்க்கத் தக்க ஒரு கணக்கை. 31-க்கு அந்தத் தக்லீதும் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் பலகையில் மூன்று வரிகள் போதும்.